நிலாவில் வந்த ஸ்டெபி

அல்போன்சாவைப் பற்றித் தூத்துக்குடியில் ஒரு குறை உண்டு. மாதா கோயில் சுரூபங்களுக்கு வர்ணம் பூசுகிறவள். சொன்ன வேலையோடு நிறுத்த மாட்டாள். அந்தோனியாரின் அங்கிக்கு மட்டும் பூசச் சொன்னால், கையிலிருக்கும் குழந்தைக்கும் கன்னத்தைச் சிவக்க வைத்துவிடுவாள். சாமியார்கள் முதலில் முகம் சுளிப்பார்கள், பிறகு அப்படியே பீடத்தில் ஏற்றிவிடுவார்கள்.

காயல்பட்டினத்து அஃப்ஸல், தன் வீட்டு ஆளுயர இங்கிலீஷ் கடிகாரத்தின் முகப்புத் தகட்டைக் கழற்றிக்கொண்டு வந்தான். நான்கு மூலையிலும் வரைந்திருந்த ரோஜாக்கள் உதிர்ந்துவிட்டன. மேல்வளைவுக்குள் பிறையாகத் தோன்றி, முழுதாகி, மறையும் நிலாத் தட்டும் வெளிறிக் கிடந்தது.

"பூவையும் நிலாவையும் புதுசாக்கித் தாங்கக்கா."

நிலாவில் கண், மூக்கின் தடம் மங்கலாகத் தெரிந்தது. முகம் தேய்ந்துபோயிருக்கிறது என்று அல்போன்சா நினைத்துக்கொண்டாள். ரோஜாக்களை முடித்துவிட்டு அதற்கு வந்தாள். பிரஷ் தானாக ஓடியது என்றால் பொய். அவள்தான் ஓட்டினாள்.

மகள் ஸ்டெபி கொரோனாவில் போனவள். பிளாஸ்டிக்கில் சுற்றி, முகம்கூடக் காட்டாமல் குழிக்குள் இறக்கிவிட்டார்கள். ஒருமுறை அந்த முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று அல்போன்சா எத்தனையோ அட்டைகளில் வரைந்தாள். எதிலும் ஸ்டெபி வரவில்லை. இந்த நிலாவில் வந்துவிட்டாள், புருவத்துத் தழும்போடு. அல்போன்சா வாய்விட்டு அழுதாள்.

தகட்டைக் கொடுக்க அவளே காயல்பட்டினம் போனாள். அஃப்ஸலின் தாய் ஜமீலா அதை வெகுநேரம் பார்த்தாள்.

"அழகா இருக்கு. ஆனா தொழுவுற இடத்துல முகம் வைக்க மாட்டோம். அந்த முகத்த எங்க வாப்பாதான் சுரண்டுனாங்க. இவன் ஒங்கள்ட்ட சொல்லியிருக்கணும்." பிறகு கேட்டாள், "யாரு இந்தப் புள்ள?"

"எம் மவ. செத்துப் போயிட்டா."

ஜமீலா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப இருக்கட்டும். கடியாரத்த வேற ரூமுக்கு மாத்திக்கிடுதோம்."

"வேண்டாம். ஒங்க வீட்டுல விருந்தாளியா எம்புட்டு நாளு நிப்பா?"

அல்போன்சா பையிலிருந்து வர்ணத்தை எடுத்தாள். உடனே அழிக்கவில்லை. திறந்திருந்த இரு கண்களின் மேலும் இமைகளை வரைந்து மூடினாள். ஆஸ்பத்திரியில் மகளுக்குத் தன் கையால் மூடிவிட வாய்க்காத கண்கள் அவை. குனிந்து நெற்றியில் முத்தமிட்டாள். பிறகு வெள்ளையைத் தொட்டு, முத்தமிட்ட இடத்திலிருந்தே பூசத் தொடங்கினாள்.

பூசி முடியும்வரை ஜமீலா வர்ண டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.