கருமுட்டை விற்பனைக்கு

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆடி மாதப் பிற்பகல். கே.கே. நகரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்கு வேலை போனபிறகு அந்த இருபது நாட்டுக்கோழிகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. அவற்றின் முட்டைகளைச் சமையலுக்கு விற்பதில்லை. அடைவைத்துக் குஞ்சு பொரிக்க வாங்குகிறவர்களுக்குத்தான் கொடுப்பேன். எங்கள் கோழிக்காரர்கள் பேச்சில் அதற்குப் பெயர் கருமுட்டை.

அன்று காலையில்தான், பழைய பீரோ முதல் செல்போன் வரை விற்கிற ஓர் இணையதளத்தில் முதன்முதலாக விளம்பரம் போட்டிருந்தேன். 'தரமான கருமுட்டை விற்பனைக்கு. நூற்றுக்கு நூறு உத்தரவாதம்.' படம் ஏறாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. எழுத்தே போதும் என்று விட்டுவிட்டேன்.

முதல் போன் பெசன்ட் நகரிலிருந்து வந்தது. ஒரு பெண், தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"வயசு என்ன மேடம்?"

"ஒரு வருஷம் ஆவுதும்மா. நோய் நொடி இல்லாம திடமா கீது."

"என்னங்க சொல்றீங்க?"

"கோழியத்தாம்மா சொல்றேன். வேற யார?"

டக்கென்று கட்டாகிவிட்டது. என்ன மனுஷியோ என்று முணுமுணுத்துக்கொண்டேன்.

சாயந்திரம் அந்தத் தளம் என் கணக்கையே முடக்கிவிட்டது. மனித உடல் சம்பந்தப்பட்ட எதையும் விற்கக் கூடாதாம்! எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் வீட்டுக்காரர் விளம்பரத்தைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடியே, கோழின்னு ஒரு வார்த்த எங்கியாவது போட்டுக்கிறியா நீ? படிக்கிறவன் பொம்பளைங்க கருமுட்டைன்னுல்ல நெனப்பான்?"

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அந்தப் பெண்ணின் குரல் நினைவுக்கு வந்தது. சுருக்கென்றது. பிள்ளைக்கு ஏங்குகிறவளிடம் போய் உத்தரவாதம் என்று எழுதியிருக்கிறேனே, பாவி!

திரும்பக் கூப்பிட்டேன். மூன்று முறை எடுக்கவில்லை. விடவில்லை. நான்காவது முறை எடுத்தாள். மன்னித்துக்கொள் என்று சொல்வதற்குள் எனக்கே அழுகை வந்துவிட்டது. அவள், "ஒரு வருஷம், திடமா இருக்குன்னீங்களே!" என்று சிரித்தாள். சிரிப்பிலேயே அழுதாள். கல்யாணமாகி எட்டு வருஷமாம்.

"அந்த விளம்பரம் இன்னும் இருக்காக்கா? வேற யாராவது பாத்து ஏமாந்துடப் போறாங்க" என்று கேட்டாள். அதை எடுத்துவிட்டார்கள், என்னையும் சேர்த்து வெளியே தள்ளிவிட்டார்கள் என்றேன். இனி எப்படிப் பிழைப்பது என்று நான் புலம்பியதைக் கேட்டு, தானே இங்கிலீஷில் மனு எழுதிக் கொடுத்தாள்.

இரண்டு முறை அனுப்பியும், விற்கக் கூடாது என்ற அதே பதில்தான் வந்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்றாவது முறை கோழி, சேவல், முட்டைக்கூடை, கூடவே நான் என்று படமெடுத்து அனுப்பினேன். பத்தாம் நாள் கணக்கு திரும்பக் கிடைத்தது, சில விதிகளோடு. அவள்தான் போனில் தமிழில் சொன்னாள். முட்டையிட்ட தேதி போட வேண்டும். சாப்பிட அல்ல என்று எழுத வேண்டும். கடைசி விதியில் அவள் குரல் இறங்கியது.

"பொரிக்கும்னு உறுதி தரக் கூடாதாம்க்கா. எங்க டாக்டரும் இதையேதான் சொல்றாங்க."

அன்றே உத்தரவாதத்தை அழித்தேன்.

இன்று என் விளம்பரம் 'நாட்டுக்கோழி' என்றுதான் ஆரம்பிக்கும்; 'பொரிக்கும் என்பதற்கு உறுதி இல்லை' என்று முடியும். இப்படிப் போட்டால் யார் வாங்குவார்கள் என்று கேட்கிறவர்கள் உண்டு. மாற்றமாட்டேன். அவள் இன்னும் போன் செய்கிறாள், "அடுத்த மாசம் மறுபடி ட்ரீட்மெண்டுக்குப் போறேன்க்கா" என்கிறாள். எந்த டாக்டரிடம், எத்தனை மணிக்கு என்று கேட்டு, நானும் கூடப் போய் வெளியே உட்கார்ந்திருக்கிறேன். உறுதி கொடுக்க முடியாத இடத்திலும் துணைக்கு இருக்க முடியும் என்பதை, ஒரு வார்த்தையை விட்டு எழுதிய அந்த விளம்பரம்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.