இடி கேட்டால் இறங்குவேன்

ஆஸ்திரியாவில் நான் நர்ஸாக இருக்கும் இந்தச் சிற்றூரில் யாரும் "சாப்பிட்டீகளா" என்று கேட்பதில்லை. பின்னால் நிற்கும் மலையுச்சியைக் காட்டி, "மேல போயாச்சா?" என்கிறார்கள். எங்கள் சாத்தூரில் ஒருத்தரைப் பார்த்து இப்படிக் கேட்டால் செருப்படிதான் கிடைக்கும். இங்கேயோ, அந்த உச்சியில் ஒருதரம் நின்றவர்தான் இந்த ஊர்க்காரர். நான்கு வருடமாக "இன்னும் இல்ல" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போச்சு. நானும் இந்த ஊர்க்காரி ஆகிவிட வேண்டும் என்று இந்தக் கோடையில் வார்டு ஆட்களோடு கிளம்பினேன்.

பைன் காடு, மாட்டு மணிச் சத்தம், மலையேறுகிறவர்கள் தங்கிப்போகும் ஒரு குடில், அப்புறம் வெறும் பாறை. உச்சியில் நட்டிருக்கும் சிலுவை கண்ணுக்குத் தெரிந்தபோது, எங்கோ தூரத்தில் இடி உறுமியது. நான் நின்றுவிட்டேன்.

"உயரம்னா பயமா? கையைப் பிடிச்சுக்கோ," என்றார் எங்களைக் கூட்டிப்போன எங்கள் வார்டு மார்ட்டின்.

"உயரம் இல்ல, இடி. இறங்கணும்."

அவர் போனைப் பார்த்தார். இடி பக்கத்துப் பள்ளத்தாக்கிலாம், இங்கே வராதாம். மற்றவர்கள் சிரித்தார்கள்.

என் அக்கா செல்வி அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வெடிக்குள் மருந்து செலுத்தும் வேலை பார்த்தவள். ஒரு மின்னல் விழுந்தால் மருந்து ரூமே வெடித்துவிடும், அதனால் இடி கேட்டால் ரூமை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். எங்கள் பக்கம் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். தீபாவளி சீசனில் ஒருநாள் போர்மேன், "எங்கனயோ இடிக்குது, லோடை முடிச்சிட்டுப் போங்க" என்றிருக்கிறார். "நீங்க வேணா உள்ள இருங்கண்ணாச்சி" என்று அக்கா வெளியேறிவிட்டாள். அன்றைக்கு ஒன்றும் வெடிக்கவில்லை. அவள் வேலைதான் போனது. "அவசரப்பட்டுட்டியேக்கா" என்றேன் நான். அவளுக்கு வந்ததே கோபம்!

"வெடிக்கலைன்னா நான் வந்தது தப்பாயிருமாடீ? என் உசுரு போர்மேன் வீட்டுச் சொத்தா?"

இதையெல்லாம் விளக்க என் ஜெர்மனுக்கு அம்புட்டுத் தெம்பு கிடையாது. "நீங்க போங்க" என்று திரும்பி நடந்தேன். எவ்வளவு ஆசைப்பட்ட இடம்! ஆனாலும் கால் நிற்கவில்லை.

அவர்கள் உச்சி ஏறி, ஒரு சொட்டு நனையாமல் இறங்கி வந்தார்கள். திங்கட்கிழமை எங்கள் ஓய்வறைச் சுவரில் படம் ஒட்டியிருந்தது. சிலுவையைச் சுற்றி எல்லாரும், என்னைத் தவிர. "அடுத்த வருஷம் கண்டிப்பா," என்று மார்ட்டின் ஆறுதல் சொன்னார்.

"வர்றேன். இடிச்சா இறங்கிருவேன்," என்றேன். எனக்கு எதற்கு ஆறுதல்?

படத்தின் அடியில், வெகு கீழே, மலைக்குடிலின் கூரை பொட்டாகத் தெரிந்தது. அதில் விரல் வைத்து, "இதுல நானும் இருக்கேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை, போகட்டும். அவர்கள் மேலே சிரித்துக்கொண்டு நின்ற நேரம், அந்தக் கூரைக்கடியில் நான் சாத்தூருக்குப் போன் போட்டு, "அக்கா, இறங்கிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.