தமிழுக்கு ஒதுக்கிய படிக்கட்டு

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொளவாய் ஏரியின் வெளிச்சம் அந்த மாடி அறையின் உட்கூரையில் வந்து தங்கும். ஏரியில் காற்றடித்தால் கூரையிலும் அலை ஓடும். அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே பேசுவது எனக்கு எளிதாக இருந்தது; எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. செங்கற்பட்டில் ஒரு பிரெஞ்சு உரையாடல் சங்கம் இருந்தது என்று சொன்னால் என் கல்லூரித் தோழிகள் நம்புவதில்லை. இருந்தது. ரயில் நிலையத்துக்குப் போகும் தெருவில், ஒரு துணிக்கடைக்கு மேலே, ஜமக்காளம் விரித்த ஓர் அறையில் ஏறக்குறைய ஓராண்டுக் காலம் இருந்தது.

அதைத் தொடங்கியவர் கீழே கடை வைத்திருந்த துணிக்கடை பாய். அவர் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட வியட்நாமின் சைகோனில் பல ஆண்டுகள் துணி வியாபாரம் செய்தவர். அங்கேயே மணம் செய்து, மனைவியை இழந்து, போர்க்காலத்தில் தனியாக ஊர் திரும்பியவர். மகளை அவளுடைய பெரியம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். இப்போது அவள் கப்பலில் வரப்போகிறாள். அவளுக்குத் தாயின் மொழியும் கன்னிமாடத்துப் பள்ளியில் கற்ற பிரெஞ்சும் தெரியும். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. பெரியம்மா ஒரு நிபந்தனை வைத்திருந்தாள்: பெண்ணுக்கு இந்த ஊர் ஒட்டவில்லையென்றால், பொங்கல் கழிந்து புறப்படும் கப்பலில் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

எங்கள் வீட்டு வாசலில் நின்று என் அப்பாவிடம் அவர் பேசியது எனக்கு உள்ளே கேட்டது.

"பாப்பா காலேஜில பிரெஞ்சு படிக்குதாமே சார். எம் பொண்ணு வந்தா இந்த ஊர்ல யாரோட பேசும்? நா கடைக்குப் பூட்டா வூடே ஊமையாப் பூடும். நாலு பேராவது ஓணும்."

நாலு பேர் சேர்ந்தோம். பாய், நான், அரசு மருத்துவமனையில் வேலை பார்த்த புதுச்சேரி நர்சம்மா, ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர். கார்டு விழுப்புரம்–புதுச்சேரி வண்டியில் வெகுகாலம் போய்வந்தவர். எல்லையில் பிரெஞ்சு அதிகாரிகள் பயணிகளின் பெட்டிகளைச் சோதிக்கும்போது பக்கத்தில் நின்று நின்று அந்தக் கேள்விகளை மட்டும் கற்றுக்கொண்டவர். புதுச்சேரியில் கொடி மாறியதும் சோதனை நின்றது. அவருடைய பிரெஞ்சுக்கு வேலை போயிற்று.

ஒவ்வொருவருக்கும் ஒரு பிரெஞ்சு இருந்தது. கார்டு என்னிடம், பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்பார். எனக்குத் தெரிந்ததெல்லாம் பாடத்திலுள்ள கவிதைகள். ஆகவே நிலவு இருக்கிறது என்பேன். நர்சம்மா எங்கே வலிக்கிறது என்று விசாரிப்பாள். பாய், இதற்குமேல் விலை குறைக்க இயலாது என்று வருந்துவார். கூரையில் நீர் அசைந்துகொண்டிருக்க, உறக்கத்தில் பேசுகிறவர்களைப் போல ஒருவருக்கொருவர் இப்படி மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தோம். தமிழில் வாய் திறக்கத் தயங்கும் நான் அங்கே தயங்கியதில்லை.

ஒரே ஒரு விதி உண்டு. அறைக்குள் தமிழ் கூடாது. தமிழில் சொல்லியே ஆகவேண்டிய செய்தி இருந்தால் எழுந்து வெளியே போய், படிக்கட்டில் சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். இந்த ஊரில் ஓர் அறையாவது தன் மகளுக்குப் பழகிய இடமாக இருக்கவேண்டும் என்பது பாயின் எண்ணம். விளைவு, ஊர்ச் செய்தி, வம்பு, சிரிப்பு எல்லாம் படிக்கட்டில் சேர்ந்தன. வீட்டை நடத்திவந்த பாயின் அக்காள் அங்கேதான் தேநீரோடும் சிற்றுண்டியோடும் காத்திருப்பாள்.

"இன்னா, தொர பாசையெல்லாம் ஆச்சா? நாஸ்தா ஆறிக்கினு கீது!"

நான் மட்டும் படிக்கட்டுக்குப் போவதில்லை. தமிழில் அவசரமாகச் சொல்ல என்னிடம் எதுவும் இருந்ததில்லை.

மழைக்காலத்துக்கு முன்பு அவள் வந்தாள். என்னைவிட இரண்டொரு வயது இளையவள். கழுத்துவரை பொத்தானிட்ட வெள்ளைச் சட்டை அணிந்திருந்தாள். அந்த ஞாயிறன்று நாங்கள் ஒவ்வொருவரும் ஒரு வரவேற்பு வாக்கியத்தை உருப்போட்டு வந்திருந்தோம். வயதில் மூத்தவர் என்று கார்டை முதலில் பேசவிட்டோம். அவர் கைகுவித்து எழுந்தார். உருப்போட்டது மறந்துபோக, பழகியது வந்தது.

"உங்கள் பெட்டியில் சுங்கத் தீர்வை கட்ட வேண்டிய பொருள் ஏதேனும் உண்டா?"

அவள் மறுபேச்சில்லாமல் எழுந்தாள். அடுத்த அறையிலிருந்து தன் தகரப் பெட்டியை இழுத்துவந்தாள். மண்டியிட்டுத் திறந்து, இரண்டு கவுன்கள், ஒரு தலைவாரும் தூரிகை, சட்டமிட்ட தாயின் புகைப்படம் என்று ஒவ்வொன்றாக எடுத்து ஜமக்காளத்தில் வைத்தாள். துறைமுகந்தோறும் அதே கேள்வியைச் சந்தித்துப் பழகியவள். எங்களில் யாருக்கும், நிறுத்து என்று சொல்லப் பிரெஞ்சு வரவில்லை.

கார்டு படிக்கட்டுக்கு ஓடினார்.

"என் நாக்க அறுத்து ஏரியில போட! கொயந்த வந்து ஒரு வாரம் ஆவல, பெட்டியத் தொறக்க வெச்சிட்டனே!"

"நாக்க அறுத்தா மட்டும் நீ சும்மா கீறவனா அண்ணாத்தே?" என்றாள் பாயின் அக்காள். "கையாலயே பேசுவ!"

பின்னாலேயே போயிருந்த நர்சம்மா சிரிப்பை அடக்க முடியாமல் சிரித்தாள். பெட்டியின் முன்னிருந்த பெண் தலையை நிமிர்த்தினாள். எழுந்து நிலைப்படிவரை போய், அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவள் படிக்கட்டின் மேல்படியில் போய் உட்காருவாள். "உள்ளே வா மகளே, உன் மொழி இங்கே இருக்கிறது" என்று பாய் பிரெஞ்சில் அழைப்பார். வருவாள்; கேட்டதற்கு ஆம், இல்லை என்பாள்; வெளியே பேச்சொலி எழுந்தால் முகம் அந்தப் பக்கம் திரும்பும். ஊர் ஏக்கம் என்று முடிவு செய்தோம். எங்கள் பிரெஞ்சு போதவில்லை என்று இன்னும் கடுமையாக உழைத்தோம். நான் கல்லூரி நூலகத்திலிருந்து சைகோன் படங்கள் உள்ள ஒரு புத்தகம்கூடக் கொண்டுவந்து காட்டினேன். அவள் நன்றி சொல்லி மூடிவைத்தாள். பாய் கப்பல் கம்பெனிக்குப் போய்வரத் தொடங்கினார்.

பொங்கல் கழிந்த வாரம் எல்லோரும் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனோம். கடற்கரையில் அறையும் இல்லை, படியும் இல்லை. விதியை விட மனமில்லாத கார்டு குடைநுனியால் மணலில் ஒரு கோடு கிழித்தார். இந்தப் பக்கம் ஜமக்காளமும் பிரெஞ்சும். அந்தப் பக்கம் பாயின் அக்காள், தேங்காய்ச் சோறு, வறுத்த மீன், தமிழ். வெயிலில் மங்கிய கடலுக்கும் கற்கோயிலுக்கும் நடுவில் நாங்கள் யாரோ வரைந்துவிட்டு மறந்துபோன உருவங்களைப் போல உட்கார்ந்திருந்தோம்.

பாய் மகளைப் பார்த்தார். பிரெஞ்சில், பேரம் சற்றுமில்லாத குரலில் சொன்னார்: "கப்பல் இந்த வாரம் புறப்படுகிறது. போவதா, இருப்பதா? நீ சொல்கிறபடி செய்கிறேன்."

அவள் கடலைப் பார்த்தாள். காற்று எழுந்து மணலை வாரிக்கொண்டு வந்தது. அவள் சட்டென்று எழுந்தாள், கோட்டைத் தாண்டினாள்.

"மாமி, சோத்துல மண்ணு பூந்துக்கினு கீது. மூடு."

மாமி என்று அழைக்கப்பட்ட பாயின் அக்காளின் கை கரண்டியோடு நின்றது. "இன்னாடி சொன்ன?"

"மண்ணு மாமி, மண்ணு!"

பாய் கோட்டை மறந்தார். "அக்கா, இதுக்கு யாரு கத்துக் குடுத்தா?"

"யாரு குடுக்கணும்? நீங்கல்லாம் உள்ள தொர பாசை பேசிக்கினு கெடந்தீங்க. அது படியில குந்திக்கினு இருந்திச்சு."

"அப்ப... கப்பலு?" அவர் மகளிடமே தமிழில் கேட்டார்.

"நா போவல அத்தா. துன்னுட்டு நம்ம வூட்டுக்குப் போலாம்."

பாய் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். என்ன செய்வதென்று தெரியாத கார்டு தொண்டையைச் செருமினார். "அப்ப பெட்டிய மூடிறலாமா கண்ணு?"

"மொதல்ல நீ வாய மூடு அண்ணாத்தே!" என்றாள் மாமி.

துண்டுக்குள்ளிருந்து பாய் சிரிப்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு நான் வழக்கம்போல மாடிக்குப் போனேன். எல்லோரும் படிக்கட்டில் இருந்தார்கள்; கால்களுக்கிடையே வழிகேட்டு உள்ளே போக வேண்டியிருந்தது. அறையில் ஜமக்காளம் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கூரையில் மட்டும் ஏரி இருந்தது. சங்கம் எதற்காகத் தொடங்கியதோ அது நடந்துவிட்டது. இனி அதைக் கூட்ட யாருக்கும் காரணமில்லை. வெறுந்தரையில் உட்கார்ந்து அலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சற்று நேரத்தில் அவள் உள்ளே வந்தாள். என் எதிரில் அமர்ந்து, அந்த அறையில் முதல்முறையாகத் தானே ஒரு கேள்வி கேட்டாள். கன்னிமாடத்தில் கற்ற தெளிவான பிரெஞ்சு.

"நீங்கள் ஏன் ஒருநாளும் படிக்கு வருவதில்லை?"

பதிலுக்காகக் கூரையைப் பார்த்தேன். வெளியே மாமி கார்டைத் திட்டத் தொடங்கியிருந்தாள். எதிரிலிருந்த பெண் நான் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. எழுந்துபோய் மேல்படியில் உட்கார்ந்தாள். பிறகு சுவரோரமாக நகர்ந்து, பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டாள்.