கம்ப்ரஸரும் செல்வியின் முதல் சொல்லும்

செவிலிமேட்டில் உள்ள என் ஒலிப்பதிவு ஸ்டுடியோவுக்குச் செல்வி வந்தபோது அவர் முகமே சரியில்லை. ஐயம்பேட்டைக்காரர், சின்ன வயதிலிருந்தே பட்டுத்தறியில் உட்கார்ந்தவர். இடுப்பு வலி முற்றி, இனி தறியில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கதைகளை ஒலிவடிவில் வெளியிடும் நிறுவனம் ஒன்றுக்கு, வாசிப்பாளர் வேலை கேட்டுக் குரல் மாதிரி அனுப்பியிருந்தார். அது திரும்பி வந்துவிட்டது.

"ஒரு எடம் காதைக் கிழிக்குதாம், ஒரு எடம் கேக்கவே இல்லையாம். இன்னொரு தபா அனுப்பச் சொல்லியிருக்காங்க. இதுவும் போச்சுன்னா அவ்ளோதாண்ணா."

அனுப்பிய கதையையே படிக்கச் சொன்னேன். காரணம் உடனே புரிந்தது. தறி ஓடும் வீட்டில் வாக்கியத்தின் முதல் சொல்லை உரக்கப் போடுவார்கள், தறிச் சத்தத்தில் அடுத்தவர் திரும்ப வேண்டுமே. திரும்பியதும் குரல் இறங்கிவிடும். செல்வி மைக்கையும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

குரலின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் கம்ப்ரஸரைப் போட்டேன். எந்த அளவுக்கு மேல் போனால் குரலை அமுக்க வேண்டும் என்ற கோடுதான் திரெஷோல்டு. எவ்வளவு அமுக்குவது என்பது ரேஷியோ. எவ்வளவு சீக்கிரம் அமுக்குவது என்பது அட்டாக், எவ்வளவு சீக்கிரம் விடுவது என்பது ரிலீஸ். அமுக்கியதில் இறங்கிய சத்தத்தை மேக்கப் கெயின் மொத்தமாகத் தூக்கிக் கொடுக்கும். திரெஷோல்டை நன்றாக இறக்கி, ரேஷியோவைப் பத்துக்கு ஒன்று வைத்தேன். சத்த அளவைக் காட்டும் மீட்டர் ஆடாமல் அசையாமல் நின்றது. எனக்குப் பரம திருப்தி.

செல்வி ஹெட்போனைக் கழற்றினார். "கதையில அம்மா திட்டுறதும் தாலாட்டுறதும் ஒரே மாதிரி கேக்குதேண்ணா. நான் மூச்சு வாங்குறதுதான் பெருசா கேக்குது."

"லெவல் சரியா இருக்குதும்மா."

"லெவல் சரிதாண்ணா. கதையைக் காணோமே."

சுருக்கென்றது. ஆனால் நியாயமான பேச்சு. திரெஷோல்டை ஏற்றி, உரக்க விழும் முதல் சொற்களை மட்டும் அது தொடும்படி வைத்தேன். ரேஷியோ மூன்றுக்கு ஒன்று. சொல்லின் முதல் எழுத்து மழுங்காமல் இருக்க அட்டாக்கைச் சற்றுத் தாமதமாக்கினேன். அடுத்த சொல் வருவதற்குள் பிடியை விடும்படி ரிலீஸ். மேக்கப் கெயினையும் குறைத்தேன், மூச்சுச் சத்தம் அடங்கியது.

"வரி ஆரம்பிக்கும்போது மட்டும் தலையைக் கொஞ்சம் பின்னாடி இழுத்துக்கோம்மா."

"தலையைப் பாக்குறதா, எழுத்தைப் பாக்குறதா?" என்று சிரித்தார். ஆனால் கையும் காலும் கண்ணும் சேர்ந்து வேலை செய்து பழகிய உடம்பு அது. ஒரு பக்கம் படிப்பதற்குள் பிடிபட்டுவிட்டது. கம்ப்ரஸருக்குப் பாதி வேலை குறைந்தது.

சில நாள் கழித்துப் போன் வந்தது. "எடுத்துக்கினாங்கண்ணா. அந்தக் கதையே மொதல் கதையா வந்துடுச்சு. எங்க வீட்டுக்காரரு தறியை நிறுத்திட்டுக் கேட்டாரு. அம்மா திட்டுற எடம் வந்ததும், 'நான் இன்னாமா செஞ்சேன்'னு என்னைப் பாக்குறாரு."

என் தங்கைக்கே வேலை கிடைத்ததுபோல் சந்தோஷமாக இருந்தது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள், ரேஷியோ எத்தனை வைக்கலாம் என்று என்னிடம் கேட்பார்கள். நான் எண் சொல்வதில்லை. கதையில் ஒருவர் திட்டினால், கேட்பவருக்குத் தன்னையே திட்டுவதுபோல் இருக்க வேண்டும். அதைக் கெடுக்கும் அளவுக்கு அமுக்காதீர்கள் என்கிறேன்.