வெயிலில் சுற்றிய துப்பட்டா

ஸ்ரீபெரும்புதூருக்குக் கம்பெனி வேலைக்கு வந்த புதிதில் எனக்கு நுரையீரலில் காசநோய். மருந்து சாப்பிட்டு இருமல் நின்ற பிறகு, கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி கிளம்பியது. மருந்து கேட்கவில்லை என்று நானே முடிவுகட்டி, ஒரு வாரத்து மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு, காலி அட்டையை மட்டும், வாராவாரம் அதைப் பார்த்து அடுத்த வார மருந்து தரும் ஆஸ்பத்திரி நர்ஸ் அக்காவிடம் நீட்டினேன்.

"இந்த வெயில்ல இன்னாத்துக்குமா துப்பட்டாவ கழுத்துல சுத்திக்கினு வர்ற?" என்று கேட்டார் அக்கா.

துப்பட்டாவை அவிழ்த்துக் கட்டியைக் காட்டி, அழுதபடி உண்மையைச் சொன்னேன். அக்கா திட்டவில்லை, டாக்டரிடம் கூட்டிப்போனார்.

சோதித்துப் பார்த்த டாக்டர், "மருந்து நல்லா வேலை செய்யுது. உடம்புக்குத் தெம்பு வந்து கிருமியோட சண்டை போடுது, அதான் வீக்கம்" என்றார்.

"மாத்திரைய குடுக்காம, சண்டை போடுற புள்ளைய பட்டினி போட்டுட்டியேமா" என்று அக்கா என் கழுத்தைத் தடவினார்.

அதன்பின் மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, வாராவாரம் காலி அட்டையோடு கழுத்தையும் காட்டினேன். இன்றும் உடம்பில் புதிதாக எது வந்தாலும் மூடி வைப்பதில்லை. முதலில் போய்க் காட்டிவிடுகிறேன்.