பந்தயத்துக்கு இந்தப் பக்கம்

சைக்கிள் பந்தயம் நம்ம ஊருக்கு நல்லதா, கெட்டதா என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஆரியசாலையில் என் மொத்த வியாபாரக் கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர், அந்த ஒரு நாள் வியாபாரம் போல ஓணத்துக்குக்கூட ஆனதில்லை என்கிறார். மூட்டை இறக்குகிறவர்களோ, ஒரு லாரிகூட உள்ளே வரவில்லை, கூலி போச்சு என்று இன்னும் திட்டுகிறார்கள். இரண்டு கட்சி சொல்வதும் உண்மைதான். அதில் நான் என்ன சொல்ல? அன்றைக்குக் காலையில் என் தங்கச்சி செத்துப்போனாள்.

அவளைக் கட்டிக்கொடுத்தது பழவங்காடிக் கோயிலுக்குப் பின்னால். என் கடையிலிருந்து சாலைக் கடைத்தெரு வழியாக நடந்து, கிழக்கேகோட்டையில் பெரிய ரோட்டைத் தாண்டினால் அவள் வீடு. விடியும்போது மாப்பிள்ளை போன் பண்ணினார். தூக்கத்திலேயே போயிருக்கிறாள்.

எங்கள் நாஞ்சில் நாட்டுக்காரர்களிடம் ஒரு முறை உண்டு. கல்யாணமான பெண் இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து அவளுக்குப் புதுச்சேலை வரவேண்டும். கோடி என்போம். அதைப் போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு, கல்யாணம் கட்டாத நான் ஒருத்தன்தான் அவளுக்குப் பிறந்த வீடு. வெறுங்கையோடு போய் நிற்க மனசு வரவில்லை. தெரிந்த துணிக்கடைக்காரரை போனில் எழுப்பிக் கடையைத் திறக்கச் சொன்னேன். அரக்கு நிறத்தில் சேலை எடுத்தேன். சின்ன வயதிலிருந்தே அந்த நிறம் என்றால் அவளுக்கு உயிர், அதற்காக என்னோடு சண்டைகூடப் போடுவாள்.

கிழக்கேகோட்டைக்கு வந்தால் ரோடு முழுக்கக் கம்பித் தடுப்பு, அதற்குப் பின்னால் ஜனங்கள் மூன்று வரிசை. சைக்கிள்கள் ஒருதரம் போய்விட்டால் முடிந்தது என்று நினைத்தேன். அப்படியில்லை, சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருந்தார்கள். மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண் தடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தப் பந்தயத்துக்காக வடக்கே கோழிக்கோட்டிலிருந்து வந்தவளாம்.

"மோளே, நான் அந்தப் பக்கம் போகணும். தங்கச்சிக்குக் கோடி கொண்டு போறேன்" என்றேன்.

எங்கள் வீடுகளில் ஒருத்தன் கையில் கோடியோடு வந்தால் மேற்கொண்டு யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், வழிவிடுவார்கள். அவள் என் கையிலிருந்த பையைப் பார்த்தாள். ஓண நேரம் ஆனதால் பையில் அத்தப்பூக்கோலம் அச்சடித்திருந்தது. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"ஓ, ஓணக்கோடியா! ரேஸ் இப்போ கழியும் சேட்டா. வைகுன்னேரம் கொடுத்தாலும் மதியல்லோ?"

ஓணத்துக்குக் கொடுக்கிற புதுத்துணியும் மலையாளத்தில் கோடிதான்; பந்தயம் இப்போது முடிந்துவிடும், சாயங்காலம் கொடுத்தால் போதாதா என்கிறாள். தங்கச்சி மரித்துப் போனாள் என்று மலையாளத்தில் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஐம்பது வருஷமாகப் பேசுகிற மலையாளம்தான். ஆனால் அந்த வார்த்தையைத் தங்கச்சியோடு சேர்த்துச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "கோடிம்மா, கோடி" என்றே திருப்பித் திருப்பிச் சொன்னேன். அந்தப் பெண்ணும் சிரித்துச் சிரித்துத் தலையாட்டினாள்.

மாப்பிள்ளை மறுபடியும் கூப்பிட்டார். "அத்தான், சுடுகாட்டுல நேரம் சொல்லிட்டாங்க. அது தப்பினா நாளைக்குத்தானாம். எங்க இருக்கீங்க?"

"ரோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிக்கேன், மாப்ளே. இப்பம் வந்துருவேன்."

பக்கத்தில் கோயம்புத்தூரிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த ஒரு அம்மாவும் அவர் கணவரும் நின்றார்கள். நான் தமிழில் பேசியதைக் கேட்டு அந்த அம்மாவுக்குச் சந்தோஷம். "ஊரையே கழுவி விட்டாப்ல இருக்குதுங்க. ஒரு குப்பை இல்லை. நீங்கெல்லாம் குடுத்து வெச்சவங்க."

"ஆமா, ரொம்ப" என்றேன்.

அந்தக் குரலைக் கேட்டுத்தான் அந்த அம்மா என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "பையில என்னங்க?"

"தங்கச்சிக்கு. பொறந்த வீட்டுக் கோடி."

அவர் கையிலிருந்த சின்னக் கொடி கீழே போயிற்று. "அட கடவுளே" என்றவர், மஞ்சள் சட்டைக்காரியின் தோளைப் பிடித்துத் திருப்பி இங்கிலீஷில் படபடவென்று சொன்னார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அறியாமல் போனதே என்று மலையாளத்தில் என்னிடம் என்னவெல்லாமோ சொன்னாள். அடுத்த சைக்கிள் கூட்டம் கடந்ததும் தடுப்பை நகர்த்தி, என் கையைப் பிடித்துக்கொண்டு அவளே ரோட்டின் குறுக்கே ஓடிவந்தாள். இரண்டு பக்கமும் ஜனங்கள் கைதட்டினார்கள். ஏதோ வேடிக்கை என்று நினைத்துக்கொண்டார்கள் போல.

வீட்டுவாசலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எடுத்த பிறகுதான் வீட்டைக் கழுவுவார்கள். அதைப் பார்த்ததும் ஓட்டத்தை நிறுத்தி நடந்தேன்.

தங்கச்சி மகள் துடைப்பத்தோடு வெளியே வந்தாள். என்னையும் பையையும் பார்த்துவிட்டு ஈரப்படியிலேயே உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அழுதோம். சுடுகாட்டில் சொன்ன நேரமும் தாண்டியிருந்தது; என் தங்கச்சி முகத்தைக் கடைசியாக ஒருதரம் பார்க்கக்கூட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

"சடங்கு செய்ய வந்தவர் முறைப்படி கேட்டார் மாமா, பொறந்த வீட்டுக் கோடி வந்தாச்சான்னு" என்றாள் அவள். "மாமா ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்காருன்னு அப்பா சொன்னாரு. அப்படிச் சொன்னா ஒத்துக்க மாட்டாங்களாம். வந்தாச்சு, இல்லைன்னா பொறந்த வீட்டுல ஆள் இல்லை, ரெண்டுல ஒண்ணுதான் சொல்லணுமாம். சுடுகாட்டு நேரம் தப்பிரும்னு வேன்காரன் ஹாரன் அடிச்சுட்டே இருந்தான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவள் என் கையிலிருந்து பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆள் இல்லைன்னு சொல்லிட்டோம், மாமா."