கயிற்றில் கை வைத்தவர்கள்

தெஹிவளைக் கடற்கரையில் கரைவலை இழுத்துவந்த சவுந்தரநாயகத்தை வீட்டுக்கு அனுப்பியது ஒரு மோட்டார். முப்பது பேர் மூச்சு முட்ட இழுத்த வலையை அந்த வின்ச், கொஞ்சம் டீசலைக் குடித்துவிட்டு இழுத்துப் போட்டது. அதற்குப் பிள்ளைகுட்டி கிடையாது. ஆகவே, கயிற்றில் கை வைத்தவருக்கெல்லாம் கூலிக்கு மேலே கறிமீன் என்று வீட்டுக் கறிக்குக் கொஞ்சம் மீன் கொடுக்கும் வழக்கமும் நின்றுபோனது. கூலி கிடைக்காத நாளிலும் சவுந்தரத்தின் மூன்று பிள்ளைகளுக்கும் சட்டியில் ஏதாவது கொதித்தது அந்தக் கறிமீனால்தான்.

அவர் வெள்ளவத்தை ஃபிளாட்ஸ் ஒன்றில் இரவுக் காவலாளியானார். ஆறு வருடத்தில் சேர்த்த ஒரே சொத்து, தொப்பை.

பிறகு சட்டம் வந்தது: வின்ச் கூடாது, கையால்தான் இழுக்க வேண்டும். வலைக்காரர் புவாத் முதலாளி ஆள் தேடி ஃபிளாட்ஸ் வாசலுக்கே வந்துவிட்டார்.

"உங்களுக்கு விசரே?" என்றாள் மனைவி கோமளவல்லி. "இந்த வயித்தோட கயிறு இழுக்கப் போறியளோ?"

"வயிறு முன்னுக்குத்தானே நிக்குது. நான் பின்னுக்கு இழுப்பன்."

முதல் நாள், வலை பாதி வந்ததும் சவுந்தரம் கேட்டார்: "முதலாளி, கறிமீன் இருக்குத்தானே?"

"கூலி தாரேனே! மீனும் வேணுமா?"

சவுந்தரம் கயிற்றை விட்டுவிட்டு மணலில் குந்தினார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குந்தினார்கள்.

"வலை கடல்ல ஈக்கிது மனிசன்! மீனெல்லாம் போகுது!"

"போகட்டும். உங்கட வாப்பா குடுத்தவர்."

வாப்பா பெயரை எடுத்ததும் புவாத்துக்கு முகம் சிவந்தது. வலையைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார். "சரி! கை வச்ச எல்லாருக்கும் தாரன். எழும்புங்கடா!" என்று கத்தினார்.

கத்தியது கொஞ்சம் கூடிவிட்டது. காலைநடைக்கு வந்த வங்கி மனேஜர், சப்பாத்து போட்ட இரண்டு அன்ரிமார், செல்ஃபி எடுக்க வந்த புதுமாப்பிள்ளை எல்லோரும் ஓடிவந்து கயிற்றில் கை வைத்தார்கள். புவாத் பல்லைக் கடித்துக்கொண்டு, சொன்ன சொல் தவறாமல் எல்லோருக்கும் கொடுத்தார்.

சவுந்தரத்தின் பங்குக்கு நான்கு சூடை மீன்.

"இந்த நாலு சூடைக்கோ உள்ளங்கை ரெண்டும் உரிஞ்சு வந்தனீங்கள்?" கோமளவல்லி ஆக்கி முடிக்கும்வரை திட்டினாள். அவரால் சோறு பிசைய முடியவில்லை. அவளே பிசைந்து, முள் எடுத்து, திட்டிக்கொண்டே தீத்தினாள்.

மூன்றாவது வாயை விழுங்கிவிட்டு அவர் சொன்னார்: "நாளைக்கு நீரும் வாருமன். சும்மா கை வைச்சாலே இன்னும் நாலு."